பாமிர் சாலையில் தண்ணீர் வடிகட்டியை உறையவிடாதீர்கள்

கிர்கிஸ்தானின் ஓஷ் நகரிலிருந்து தஜிகிஸ்தானின் கோரோக் வரை தனியாகச் சைக்கிளில் போகிறவர்கள், பாரத்தைக் குறைக்க மாற்றுத் துணி, பாத்திரம் என்று ஒவ்வொன்றாகக் கழிப்பார்கள். சரிதான். வழியில் அக்-பைதால் கணவாய் 4,655 மீட்டர் உயரம். ஒவ்வொரு நூறு கிராமும் காலில் தெரியும். ஆனால் கையளவு வடிகட்டியை விட்டுவிடாதீர்கள். ஆற்று நீரைக் கொதிக்க வைக்க எரிபொருள் சுமப்பதைவிட அது எவ்வளவோ இலேசு.

பலருக்குத் தெரியாத விஷயம் ஒன்று உண்டு. இந்த வடிகட்டிக்குள் இருப்பவை மெல்லிய குழாய் இழைகள். ஒருமுறை நனைந்தால் உள்ளே ஈரம் தங்கிவிடும். அந்த உயரத்தில் கோடை இரவிலும் தண்ணீர் உறையலாம். ஈரம் பனிக்கட்டியாகி விரிந்தால் இழைகள் கிழியும். வெளியே ஒன்றும் தெரியாது, தண்ணீர் வழக்கம்போல் வரும், கிருமிகள் மட்டும் தடைபடாது.

அதனால் மாலையில் நன்றாக உதறி, பிளாஸ்டிக் பையில் சுற்றி, தூங்கும் பைக்குள்ளேயே வைத்துக்கொள்ளுங்கள். குளிர்ந்த காலையில் சட்டைப் பையில் இருக்கட்டும். உறைந்துவிட்டதோ என்று சந்தேகம் வந்தால் அந்த வடிகட்டியை நம்பவே வேண்டாம். அப்புறம், குளோரின் மாத்திரை ஒரு அட்டையும் எடுத்துக்கொள்ளுங்கள். எடை என்று சொல்ல ஒன்றுமில்லை.