தடுத்ததையும் அடக்கிக்கொண்டதையும் ஆங்கிலத்தில் சொல்ல

பிறரைத் தடுத்ததைச் சொல்ல அடிப்படை அமைப்பு ஒன்றுதான்: ப்ரிவென்ட், அடுத்து ஆள், பிறகு ஃப்ரம், கடைசியில் ஐஎன்ஜி சேர்ந்த வினை. வைகையில் வெள்ளம் வந்து தரைப்பாலத்தை அடைத்துவிட்டால், ‘த ஃப்ளட் ப்ரிவென்டட் அஸ் ஃப்ரம் கிராஸிங் த ரிவர்’. இங்கே ‘டு கிராஸ்’ என்று எழுதுவதுதான் அதிகம் பார்க்கும் பிழை. ‘கடக்க விடவில்லை’ என்றே யோசிப்பதால், அந்தக் ‘கடக்க’ நம்மை டு பக்கம் இழுத்துவிடுகிறது.

ஸ்டாப்பும் இப்படியே. இவ்விரண்டிலும் பிரிட்டிஷ் வழக்கில் ஃப்ரம்மை விடலாம். செயப்பாட்டு வினையில் விடக்கூடாது: ‘வீ வேர் ப்ரிவென்டட் ஃப்ரம் கிராஸிங்’.

கீப்பில்தான் உண்மையான ஆபத்து. ‘த போலீஸ் கெப்ட் அஸ் ஃப்ரம் வாக்கிங்’ என்றால் போலீஸ் நடக்க விடவில்லை. ஃப்ரம்மை எடுத்துவிட்டு ‘கெப்ட் அஸ் வாக்கிங்’ என்றால் நிற்கவிடாமல் நடக்கவைத்தது! சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் இரண்டுமே நடக்கும் என்பதால், கேட்பவருக்குப் பிழை என்றே தெரியாது. கீப்பை எழுதியதும் ஃப்ரம் இருக்கிறதா என்று பாருங்கள்.

தன்னை அடக்கிக்கொள்வதற்கு ரெஃப்ரெயின் ஃப்ரம். நடுவில் ஆள் வராது. அறிவிப்புப் பலகைக்குப் பொருந்தும்: ‘ப்ளீஸ் ரெஃப்ரெயின் ஃப்ரம் டேக்கிங் போட்டோஸ்’. பேச்சில் அவாய்ட் போதும், அதற்கு ஃப்ரம்மும் வேண்டாம், டுவும் வேண்டாம்: ‘ஐ அவாய்ட் டிரைவிங் ஆன் மாசி ஸ்ட்ரீட்ஸ்’.

அடக்க முடியாமல் போனால் குடுன்ட் ஹெல்ப், குடுன்ட் ரெஸிஸ்ட். இரண்டுக்கும் பின்னால் ஐஎன்ஜி: ‘ஐ குடுன்ட் ரெஸிஸ்ட் ஆர்டரிங் அனதர் ஜிகர்தண்டா’.

டீயை விட்டவர் ‘ஐ ஸ்டாப்ட் டிரிங்கிங் டீ’ என்பார். ‘ஸ்டாப்ட் டு டிரிங்க் டீ’ என்றால் டீ குடிக்க வண்டியை நிறுத்தினார் என்றாகிவிடும்.