கிரகணத்தன்று கண்ணுக்கு நாம் செய்யும் தவறுகள்

சூரிய கிரகணம் என்றாலே செட்டிநாட்டில் இன்றும் பல வீடுகளில் முகப்புக் கதவைச் சாத்திவிடுகிறார்கள். கிரகணக் கதிரில் விஷம் இருக்கிறதாம். அப்படி எதுவும் இல்லை. அன்றாடம் காயும் அதே வெயில்தான். மற்ற நாளில் கண் கூசும், உடனே முகத்தைத் திருப்பிக்கொள்வோம். கிரகணத்தில் கூச்சம் குறைவதால் உற்றுப் பார்த்துவிடுகிறோம். மறையாமல் மிஞ்சிய சிறு கீற்றே விழித்திரையைப் புண்ணாக்கப் போதும். விழித்திரைக்கு வலி தெரியாது. பார்வை மங்கியது சில மணி நேரம் கழித்தே புரியும்.

தாம்பாளத்து மஞ்சள் நீரில் உலக்கையை நிறுத்தி வைப்பதால் கெடுதல் இல்லை. கிரகணத்தில் மட்டும்தான் அது நிற்கும் என்பார்கள்; அடி சமமான உலக்கை எந்த நாளும் நிற்கும். அதே நீரில் சூரியனின் பிம்பத்தைப் பார்ப்பதுதான் ஆபத்து. உச்சி வெயிலில் நீர்ப்பரப்பு சுமார் 2 விழுக்காடு ஒளியைத் திருப்பி அனுப்பும். தரமான கிரகணக் கண்ணாடி உள்ளே விடுவதோ லட்சத்தில் 3 பங்கு அளவுதான். எக்ஸ்ரே பிலிம், கரி படிந்த கண்ணாடி, கூலிங் கிளாஸ் எதுவும் ஆகாது. சூரியனைப் பார்க்கும் கண்ணாடிக்கான சர்வதேசத் தரமான ஐஎஸ்ஓ 12312-2 கொண்ட, கீறல் விழாத கண்ணாடி வேண்டும். அதை மாட்டிக்கொண்டு பைனாகுலரில் பார்க்கவே கூடாது. குவியும் வெப்பம் கண்ணாடியைப் பொசுக்கிக் கண்ணுக்குள் பாயும்.

கண்ணாடி கிடைக்காவிட்டால் வளவுக்குள், அதாவது முற்றத்தைச் சுற்றிய வீட்டு உட்பகுதிக்குள், வாருங்கள். ஓட்டு இடுக்கில் இறங்கும் ஒவ்வொரு ஒளிப்பொட்டும் அன்று பிறை வடிவில் விழும். தரையில் பதித்த ஆத்தங்குடிக் கல்லின் பூ வேலைப்பாட்டில் பிறை சரியாகத் தெரியாது. அதன் மேல் வெள்ளை வேட்டியை விரித்துவிட்டால் பளிச்சென்று தெரியும். முற்றத்து வெயிலில் ஜல்லிக் கரண்டியைப் பிடித்தால் துளைக்கொரு பிறை. பார்க்க வேண்டியது தரையை, துளை வழியே சூரியனை அல்ல. பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பாடம் எனக்குத் தெரியவில்லை.

முழு கிரகணத்தையும் வளையக் கிரகணத்தையும் ஒன்றாக நினைப்பது இன்னொரு தவறு. 2019 டிசம்பர் 26 காலையில் காரைக்குடிப் பக்கம் தெரிந்தது வளையம். நிலவு தொலைவில் இருந்ததால் சூரியனை முழுக்க மூடவில்லை. வளையத்தில் ஒரு நொடிகூடக் கண்ணாடியைக் கழற்றக் கூடாது. முழு கிரகணத்தில் மட்டும், சூரியன் முற்றிலும் மறைந்திருக்கும் சில நிமிடங்களுக்குக் கழற்றலாம். அப்போது சூரியனைச் சுற்றி வெள்ளி இழைகளாகப் பரவும் ஒளிவட்டத்தை வெறுங்கண்ணாலேயே பார்க்க வேண்டும். ஓரத்தில் முதல் ஒளிப்பொறி எட்டிப் பார்த்ததும் மாட்டிவிட வேண்டும். 99 விழுக்காடு மறைந்தாலும் அது பகுதி கிரகணமே.

2027 ஆகஸ்ட் 2 அன்று எகிப்தின் லக்சரில் 6 நிமிடத்துக்கும் மேல் சூரியன் முழுதாக மறையும். வசதியுள்ளவர்கள் போய்ப் பாருங்கள். 2031 மே 21 அன்று தென் தமிழகத்தின் மேல் செல்வது மீண்டும் வளையம்; கண்ணாடியை முன்கூட்டியே வாங்கி வையுங்கள்.