பிரேக் பேடை எப்போது மாற்றுவது? உள்பக்கத்தையும் குனிந்து பாருங்கள்

அக்கா மகன் போன மாதம்தான் மோட்டார் சைக்கிளுக்கான 2பி லைசென்ஸ் எடுத்தான். கையோடு ஒரு பழைய பைக்கையும் வாங்கி, சிங்கப்பூர் ஈசூனில் எங்கள் அடுக்குமாடி புளோக்கின் கார் நிறுத்துமிடத்தில் கொண்டுவந்து விட்டுவிட்டு, "மாமா, கீழ வந்து பாருங்க" என்று போன் போட்டான். பெயிண்ட் பளபளவென்று இருந்தது, டயரும் புதுசு. "பிரேக் பேட் எவ்வளவு இருக்குன்னு பாத்தியாடா?" என்றேன். "சத்தம் வந்தா மாத்திக்கலாம்னு வித்தவரு சொன்னாரு மாமா."

இந்தப் பேச்சை நான் எத்தனையோ பேரிடம் கேட்டுவிட்டேன். உணவு டெலிவரி ஓட்டும் பிள்ளைகள் சொல்கிறார்கள், என்னோடு துவாஸில் வேலை பார்ப்பவர்களும் சொல்கிறார்கள். தயவுசெய்து சத்தத்துக்குக் காத்திருக்காதீர்கள். பேட் என்பது ஒரு இரும்புத் தகடு, அதன் முகத்தில் ஒட்டிய உராய்வுப் பொருள், அவ்வளவுதான். புதிதில் அந்தப் பொருள் 4, 5 மி.மீ. இருக்கும். அது முழுக்கத் தீர்ந்து, தகடே சக்கரத்தோடு சுழலும் டிஸ்க்கில் உரசும்போதுதான் அந்த 'கர்ர்' சத்தம் வரும். சில கார்களில் பேட் தேய்ந்ததும் கீச்சிட்டு எச்சரிக்க ஒரு சின்னத் தகடு வைத்திருப்பார்கள். பெரும்பாலான மோட்டார் சைக்கிள் பேடுகளில் அது கிடையாது. நடுவில் ஒரு பள்ளக் கோடு இருக்கும். அந்தக் கோடு மறைந்துபோனால் பேட் முடிந்தது என்று பொருள்.

பார்ப்பதற்கு ஐந்து நிமிடம் போதும். வண்டியை முந்தின இரவே நிறுத்தி நன்றாக ஆறவிடுங்கள், சூடான டிஸ்க்கில் கை பட்டால் பொத்துவிடும். பேடுகளைப் பிடித்திருக்கும் காலிப்பரின் இடுக்கில் கறுப்புத் தூள் அடைத்துக்கொண்டு எதையும் பார்க்கவிடாது. வாயால் ஊதாதீர்கள், அந்தத் தூள் மூக்குக்குள் போவது நல்லதல்ல. ஈரத்துணியால் துடைத்து, பழைய பல் துலக்கும் பிரஷ்ஷால் மெல்லத் தேய்த்தால் போதும். பிறகு போன் டார்ச்சை அடித்து, டிஸ்க்கின் விளிம்புக்கு நேராகக் கண்ணை வைத்துப் பாருங்கள். நடுவில் டிஸ்க், அதை ஒட்டி இரண்டு பக்கமும் கறுப்பாக உராய்வுப் பொருள், அதற்கு வெளியே இரும்புத் தகடு. அந்தக் கறுப்பு எவ்வளவு என்பதுதான் கேள்வி.

அளவுகோல் அதற்குள் நுழையாது. நான் சட்டைப்பையிலிருந்து ஒரு 20 காசு நாணயத்தை எடுத்துப் பக்கத்தில் பிடித்துக்கொள்வேன். 2013-ல் வந்த புது வரிசை நாணயம், தடிமன் 2 மி.மீ.க்குச் சற்றுக் குறைவு. கறுப்புப் பகுதி அந்த நாணயத்தின் தடிமனுக்கு இறங்கிவிட்டால் அந்த வாரமே மாற்றிவிடுவேன். 1 மி.மீ. வரை ஓட்டலாம் என்பவர்கள் உண்டு. தினமும் போக வர ஏறக்குறைய 70 கிலோமீட்டர், அதில் பாதி விரைவுச்சாலை, முன்னாலும் பின்னாலும் டிரெய்லர் லாரி. எனக்கு அந்தக் கடைசி மில்லிமீட்டர் வேண்டாம்.

இனிமேல் சொல்வதைத்தான் முக்கியமாகக் கேட்க வேண்டும். ஒரு பக்கம் பார்த்துவிட்டு எழுந்துவிடாதீர்கள். என் ஹோண்டா வேவ் பைக்கில் பல மாதம் நான் வெளிப்பக்க பேடை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தேன். நன்றாக 3 மி.மீ. இருந்தது, நிம்மதியாக ஓட்டினேன். டிசம்பர் மழையில் ஒரு காலை, துவாஸில் ஒரு சிக்னலில் முன் பிரேக்கைப் பிடித்ததும் இரும்பை இரும்பு அறுக்கும் சத்தம். வண்டி நிற்காமல் வழுக்கிக்கொண்டு போனது. பின் பிரேக்கையும் மிதித்துத்தான் லாரிக்கு ஒரு கை தூரத்தில் நிறுத்தினேன். மழைக்கோட்டுக்குள்ளே எனக்கு உடம்பெல்லாம் நடுங்கியது. கழற்றிப் பார்த்தால் உள்பக்க பேடில் உராய்வுப் பொருளே இல்லை, வெறும் தகடு. காலிப்பர் நகர்ந்துகொடுக்க உதவும் 'ஸ்லைடு பின்' என்ற கம்பி துரு ஏறி இறுகிவிட்டதால் ஒரு பேடே எல்லாப் பாரத்தையும் சுமந்து தேய்ந்திருக்கிறது. டிஸ்க்கின் மேல் நகத்தை வைத்து இழுத்தேன், இசைத்தட்டு மாதிரி வரி வரியாகத் தட்டியது. டிஸ்க்கையும் சேர்த்து மாற்றினேன்.

ஆகவே இரண்டு பேடும் ஒரே மாதிரி தேய்கிறதா என்று பாருங்கள். ஒன்று மட்டும் வேகமாகத் தேய்ந்தால் பேடை மட்டும் மாற்றிப் பயனில்லை, அந்த ஸ்லைடு பின்னைக் கழற்றிச் சுத்தம் செய்து கிரீஸ் வைக்கச் சொல்லுங்கள். டிஸ்க்கில் குறைந்தபட்சத் தடிமன் எவ்வளவு என்று பொறித்திருக்கும், அதையும் அளக்கச் சொல்லுங்கள்.

ஹேண்டில் பாரில் இருக்கும் பிரேக் ஆயில் டப்பாவும் விஷயம் சொல்லும். பேட் தேயத் தேய அதைத் தள்ளும் பிஸ்டன் வெளியே வரும், அதன் பின்னால் ஆயில் போய் நிரம்பும், டப்பாவில் மட்டம் இறங்கும். மட்டம் குறைந்தால் உடனே ஊற்றாதீர்கள், முதலில் பேடைப் பாருங்கள். நான் ஒருமுறை ஊற்றிவிட்டேன். புது பேட் போடப் பிஸ்டனை உள்ளே தள்ளியபோது ஆயில் பொங்கி வழிந்து பெயிண்டைத் தின்றுவிட்டது. பேட் நன்றாக இருந்தும் மட்டம் இறங்கினால் எங்கோ கசிகிறது. அந்த வண்டியை ஓட்டக் கூடாது.

பின்னால் டிரம் பிரேக் என்றால் பேடுக்குப் பதில் டிரம்முக்குள் 'ஷூ' என்ற உராய்வுக் கட்டை இருக்கும். வேவ் மாதிரி வண்டிகளில் டிரம்முக்கு வெளியே உள்ள பிரேக் ஆர்ம் என்ற நெம்புகோலில் ஒரு அம்புக்குறி இருக்கும். மிதியை முழுக்க மிதித்துப் பிடிக்கும்போது அது டிரம் மூடியில் உள்ள குறியைத் தொட்டுவிட்டால் ஷூ முடிந்தது.

தடிமன் இருந்தும் மாற்ற வேண்டிய பேடும் உண்டு. செயின் ஆயிலோ பிரேக் ஆயிலோ ஊறியது, விரிசல் விட்டது. மழையில் நின்ற வண்டி காலையில் லேசாக உரசுவது வேறு. அது டிஸ்க்கில் படிந்த துரு, நான்கைந்து முறை பிரேக் பிடித்தால் போய்விடும். போகாவிட்டால் குனிந்து பாருங்கள்.

மூன்று வயது தாண்டிய மோட்டார் சைக்கிளுக்கு இங்கே ஆண்டுதோறும் பரிசோதனை உண்டு. அதை நம்பி இருந்துவிடாதீர்கள். என் முன் பேட் ஏறக்குறைய 14,000 கிலோமீட்டர் வரும். புளோக் புளோக்காக நின்று நின்று போகும் டெலிவரி வண்டிக்கு அதில் பாதிகூட வராமல் போகலாம். நான் மாதத்தின் முதல் ஞாயிறு பார்த்து, கிலோமீட்டரையும் தடிமனையும் போனில் குறித்துவைக்கிறேன்.

அக்கா மகன் வண்டியில் அன்று வெளிப்பக்கம் 3 மி.மீ. இருந்தது. உள்பக்கம் 20 காசைவிட மெல்லிசு. அன்று மதியமே பைக் பட்டறைகள் இருக்கும் காக்கி புக்கிட்டுக்கு அழைத்துப்போய் முன்னும் பின்னும் மாற்றினோம். கிளம்பும்முன் லீவரைப் பிடித்துப் பார்க்கச் சொன்னேன். புது பேட் போட்டதும் பிஸ்டன் உள்ளே தள்ளப்பட்டிருக்கும், முதல் பிடியில் பிரேக்கே இருக்காது. இது தெரியாமல் கடை வாசலிலேயே இடித்தவர்கள் இருக்கிறார்கள். அவன் பிடித்தான், லீவர் கைப்பிடிவரை போனது. முகம் மாறி என்னைப் பார்த்தான். "இன்னும் பிடி, கெட்டியாகிறவரைக்கும் பிடி. அப்புறம் பின் பிரேக்கையும் மிதிச்சுப் பாரு" என்றேன். ஆறாவது பிடியில் லீவர் கெட்டியானது. முதல் 200, 300 கிலோமீட்டர் திடீர் பிரேக் போடாமல், முன்வண்டிக்கு இடைவெளி விட்டு ஓட்டச் சொல்லி, வீடுவரை அவனுக்குப் பின்னாலேயே வந்தேன்.