பாத்ரூம் டைல்ஸ் வேலை முடிந்ததா? மீதிப் பணத்தைக் கொடுக்கும் முன் இதையெல்லாம் பாருங்கள்

போன வருடம் எங்கள் பாத்ரூமில் டைல்ஸ் மாற்றினோம். முடித்த அன்று பளபளவென்று இருந்ததால் மீதிப் பணத்தை அன்றைக்கே எண்ணிக் கொடுத்துவிட்டேன். மூன்றே வாரத்தில் கீழ்வீட்டு அக்கா வந்து கூப்பிட்டார், போய்ப் பார்த்தால் அவர்கள் சீலிங்கில் தோசைக்கல் அகலத்துக்கு ஈரம். மேஸ்திரி "காய்ஞ்சா சரியாயிடும்மா" என்றார், அப்புறம் போனையே எடுக்கவில்லை. உங்களுக்கு அப்படி ஆகக் கூடாது.

முதலில் பணப்பேச்சு. கூலியில் ஐந்தில் ஒரு பங்கு, வேலை முடிந்து எல்லாவற்றையும் சோதித்துப் பார்த்து ஒரு வாரம் கழித்துத்தான் என்று ஆரம்பத்திலேயே சொல்லி, அதையே வாட்ஸப்பிலும் அனுப்பி, அவரிடமிருந்து ஒரு "சரி" வாங்கி வையுங்கள்.

அடுத்தது தண்ணீர் கட்டுவது. வாட்டர்ப்ரூஃபிங் (தண்ணீர் கசியாமல் தடுக்கும் பூச்சு) பூசிக் காய்ந்தபின், டைல்ஸ் ஒட்டும் முன்னால் செய்ய வேண்டியது இது. நஹானி டிராப் (தரையில் தண்ணீர் வெளியேறும் துளை) வாயைப் பாலித்தீன் பையில் சுற்றிய துணியால் இறுக்கி அடைத்து, வாசற்படியில் சிமெண்டால் சின்ன வரப்பு கட்டி, இரண்டு அங்குலம் தண்ணீர் நிரப்புங்கள். சுவரில் நீர்மட்டத்தைப் பென்சிலால் கோடு போட்டு 24 மணி நேரம், முடிந்தால் 48 மணி நேரம் விடுங்கள். தண்ணீர் கோட்டுக்குக் கீழே லேசாக இறங்கினால் ஆவியாகியிருக்கலாம், ஆனால் கீழ்வீட்டு சீலிங்கை நீங்களே போய்த் தொட்டுப் பார்க்க வேண்டும்.

டைல்ஸ் ஒட்டி முடித்ததும் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தால் ஒவ்வொரு டைலின் நான்கு மூலையையும் நடுவையும் தட்டுங்கள். நன்றாக ஒட்டிய இடத்தில் கனமான சத்தம் வரும், காலியாக இருந்தால் 'டொக்'கென்று கேட்கும். நடுவில் மட்டும் சிமெண்டை அப்பி டைலை அழுத்திவிட்டால் மூலைகள் காலியாகவே நிற்கும், அங்கே நிறைந்த வாளியை வைத்தால் விரிசல்தான். அந்த டைலைப் பெயர்த்துத்தான் மறுபடி ஒட்ட வேண்டும், அதற்குப் பதிலாக ஜாயிண்டில் வெள்ளை சிமெண்ட் பூசுவதை ஒப்புக்கொள்ளாதீர்கள். பெயர்க்கும்போது அடியில் இருக்கும் வாட்டர்ப்ரூஃபிங் கிழியலாம் என்பதால் திரும்பவும் தண்ணீர் கட்டிப் பாருங்கள்.

வாட்டம் பார்க்க, தூர மூலையில் ஒரு வாளித் தண்ணீரைக் கொட்டினால் போதும். ஐந்து அடிக்கு அரை அங்குலத்துக்குச் சற்று மேல் சரிவு இருந்தால் தண்ணீர் தானாக ஓடிவிடும். குளம் கட்டி நிற்கும் இடத்தைச் சாக்பீஸால் வட்டமிட்டுப் போட்டோ எடுங்கள்.

குறை தெரிந்தால் சத்தம் போட வேண்டாம், வேலை நிற்கும், அவ்வளவுதான். போட்டோக்களோடு எங்கெங்கே என்ன குறை, எந்தத் தேதிக்குள் சரி செய்ய வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். வராவிட்டால் வேறொரு மேஸ்திரியைக் கூட்டிவந்து காட்டி, சரி செய்ய ஆகும் செலவைக் கையெழுத்தோடு எழுதி வாங்குங்கள், பிறகு ஸ்பீட் போஸ்டில் ஒரு நோட்டீஸ்.

அதற்கும் அசையாவிட்டால் தேசிய நுகர்வோர் உதவி எண் 1915. 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்தின் குறைதீர் ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், வக்கீல் கட்டாயமில்லை, கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்றால் கட்டணமும் இல்லை. பிரச்சினை எழுந்து இரண்டு ஆண்டுக்குள் போய்விடுங்கள்.