இகாமா கைக்கு வரும்வரை: சவூதி போனவருக்கும் ஊரில் இருக்கும் வீட்டாருக்கும்

பேரணாம்பட்டிலோ மேல்விஷாரத்திலோ ஒருவர் சவூதிக்குக் கிளம்பும்போது வீட்டில் போடும் கணக்கு இதுதான்: இந்த மாதம் விமானம், அடுத்த மாதம் சம்பளம், அதற்கடுத்த மாதம் முதல் தவணை. பிசகு இங்கேதான் தொடங்குகிறது. ஆள் இறங்கிய நாளிலிருந்து இகாமா, அதாவது சவூதியில் தங்குவதற்கான அடையாள அட்டை, எடுக்க முதலாளிக்கு இருக்கும் அவகாசமே 90 நாள். இகாமா இல்லாமல் பேங்க் கணக்கு திறக்க முடியாது. கணக்கு இல்லாமல் சம்பளம் முறைப்படி ஏறாது. கையில் கொடுத்தாலும் தன் பெயரில் ஊருக்கு அனுப்ப வழியில்லை. அறைவாசி ஒருவர் பெயரில் அனுப்பலாம் என்பார்கள். வேண்டாம். அவர் சம்பளத்துக்கு மீறிப் பணம் போனால் அவர் கணக்கு முடங்கும், இருவரும் பதில் சொல்ல வேண்டிவரும்.

அதனால் கடனை விமான நாளிலிருந்து எண்ணாதீர்கள். நான்கு மாதம் ஒரு ரூபாயும் வராது என்று வைத்துக்கொண்டு திட்டமிடுங்கள். மூணு வட்டிக்கு 1,50,000 ரூபாய் வாங்கினால் மாதம் 4,500; நான்கு மாதத்துக்கு 18,000. இதைக் கிளம்பும் முன்பே தனியாக எடுத்து வைக்க முடியாவிட்டால், அந்தக் கடன் உங்களுக்குப் பெரியது. நகை இருந்தால் பேங்கில் வைப்பதே மேல்.

ஏலச்சீட்டில் இன்னும் கவனம் தேவை. மாதம் 5,000 கட்டும் 20 பேர் சீட்டில், ஒரே கம்பெனிக்கு ஒரே சமயத்தில் போன மூன்று பேர் சீட்டை எடுத்துவிட்டுப் போயிருந்தால், இகாமா தாமதமாகும் மாதங்களில் 15,000 ரூபாய் குறையும். அடுத்து சீட்டு எடுப்பவர் மகளின் கல்யாணத்துக்கு நாள் குறித்திருப்பார். மளிகைக் கடைக் கடன் நோட்டிலும் அந்த மூன்று வீட்டுப் பக்கங்கள்தான் நீண்டுகொண்டே போகும். ஒரே கம்பெனிக்குப் போகிறவர்களை ஒரே சீட்டில் சேர்க்காதீர்கள். ஒருவர் கடனுக்கு இன்னொருவர் ஜாமீன் கையெழுத்து போடவும் வேண்டாம். விழுந்தால் எல்லாரும் ஒன்றாக விழுவீர்கள்.

கிளம்பும் முன்: பத்தாம் வகுப்பு தேறாதவர் பாஸ்போர்ட் பெரும்பாலும் இசிஆர் வகை, அதாவது வேலைக்கு வெளிநாடு போக அரசின் அனுமதி தேவைப்படும் வகை. இந்திய அரசின் இமைகிரேட் இணையதளம் வழியான அந்த அனுமதி இல்லாமல் வேலைக்குப் போகக் கூடாது. விசிட் விசாவில் அனுப்பி அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்கிற ஏஜென்டை அந்த இடத்திலேயே விட்டுவிடுங்கள். 'ஃப்ரீ விசா' என்று சட்டத்தில் ஒன்று கிடையாது. விசாவில் எந்த கஃபீல் (பொறுப்பேற்கும் முதலாளி) பெயர் இருக்கிறதோ அவரிடம்தான் வேலை; வெளியே வேலை செய்து பிடிபட்டால் குற்றம் உங்கள் பேரில்.

அங்கே இறங்கியதும் முத்திரை விழுந்த பாஸ்போர்ட் பக்கத்தையும், எல்லை எண்ணையும் (நாட்டுக்குள் நுழையும்போது கொடுக்கும் எண்) படம் எடுத்து வீட்டுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்புங்கள். இகாமா வரும்வரை அந்த எண்தான் உங்கள் அடையாளம். (2-இல் தொடங்கும் பத்து இலக்க எண் வந்தால்தான் அது இகாமா.) பிறகு வேலை ஒவ்வொரு படியாக நகரும்: மெடிக்கல், கைரேகை, இன்சூரன்ஸ், மக்தப் அமல் (தொழிலாளர் அலுவலகம்) கட்டணம், கடைசியில் இகாமா. "எப்போ வரும்?" என்று கேட்டால் "இன்ஷா அல்லாஹ், அடுத்த வாரம்" என்றுதான் பதில் வரும். "இன்சூரன்ஸ் போட்டாச்சா, மக்தப் அமல் கட்டியாச்சா?" என்று படியைக் குறித்துக் கேளுங்கள். மெடிக்கல் முடிந்தும் நகரவில்லை என்றால் பெரும்பாலும் கம்பெனி அரசுக்குக் கட்டணம் பாக்கி வைத்திருக்கிறது, அல்லது சவூதி ஆட்களைப் போதிய எண்ணிக்கையில் வைக்காததால் அதன் கோப்பு நிற்கிறது. இரண்டையும் நீங்கள் சரிசெய்ய முடியாது. விசாவிலும் பாஸ்போர்ட்டிலும் பெயர் வேறாக இருந்தால் மட்டும் நீங்களே எடுத்துச் சொல்லித் திருத்த வைக்கலாம்.

பணம் கேட்டால் கொடுக்காதீர்கள். சவூதி தொழிலாளர் சட்டம் 40-ஆம் பிரிவுப்படி இகாமா, வேலை அனுமதி, அவற்றின் புதுப்பிப்பு, தாமத அபராதம் எல்லாம் முதலாளி பொறுப்பு. பாஸ்போர்ட்டை முதலாளி பிடுங்கி வைப்பதும் சட்டப்படி தவறு.

90 நாள் தாண்டினால் கோபத்தில் வேலையை விட்டு வெளியேறுவதுதான் பெரிய தப்பு. முதலாளி 'ஹுரூப்' போட்டுவிட்டால், அதாவது ஓடிவிட்டார் என்று பதிவு செய்துவிட்டால், பாதிக்கப்பட்டவரே குற்றவாளி ஆகிவிடுவார். வேலைக்குப் போய்க்கொண்டே சவூதி தொழிலாளர் அமைச்சகத்தின் 19911-க்கு அழைத்துப் புகார் கொடுங்கள். 2021 மார்ச்சில் வந்த மாற்றத்தின்படி, நாட்டுக்குள் வந்து மூன்று மாதத்துக்குள் ஒப்பந்தம் பதிவாகவில்லை என்றாலோ, தொடர்ந்து மூன்று மாதம் சம்பளம் வரவில்லை என்றாலோ, முதலாளி சம்மதமின்றி வேறு கம்பெனிக்கு மாறலாம். ஹவுஸ் டிரைவர், வீட்டு வேலை, தோட்டவேலை விசாக்களுக்கு இது பொருந்தாது. நம் பக்கத்து ஆட்கள் பலர் போவது அந்த விசாவில்தான் என்பதால், கையெழுத்து போடும் முன்பே விசாவில் தொழில் என்னவென்று பாருங்கள்.

ஊரில் இருப்பவர்கள் இந்திய வெளியுறவு அமைச்சகத்தின் மதத் (MADAD) இணையதளத்தில் புகார் பதிவு செய்யலாம். அதோடு திங்கள்கிழமை வேலூர் சத்துவாச்சாரி கலெக்டர் ஆபீஸ் குறைதீர் நாளில் மனு கொடுங்கள். ராணிப்பேட்டை, திருப்பத்தூர்க்காரர்கள் தங்கள் மாவட்ட ஆபீஸில் கொடுக்கலாம். பாஸ்போர்ட், விசா நகல், ஏஜென்டுக்குப் பணம் போட்ட ரசீது, கம்பெனியின் அரபிப் பெயர், முக்கியமாக அவர் தங்கியிருக்கும் அறையின் லொகேஷன் வேண்டும். ரியாத்தில் எங்கோ இருக்கிறார் என்று எழுதிய மனுவை வைத்துக்கொண்டு அங்குள்ள இந்தியத் தூதரகம் யாரையும் தேட முடியாது.