பழைய இதழின் சர்க்யூட்டை இன்று செய்வது எப்படி?

எலெக்ட்ரானிக்ஸ் ஃபார் யூ பழைய இதழ்களை நான் இன்னும் எடைக்குப் போடவில்லை. அதில் வந்த சர்க்யூட் ஒன்றைச் செய்து பார்க்க ஆசையா? முதலில் தேவையான பாகங்களை ஒரு துண்டுத்தாளில் எழுதிக்கொள்ளுங்கள். சென்னை ரிச்சி தெருவுக்கு அப்படித்தான் போவேன். கடைக்காரர் சீட்டைப் பார்த்து, ரெசிஸ்டர்களை ஒவ்வொன்றாக எண்ணி, செய்தித்தாளில் மடித்துத் தருவார். ரெசிஸ்டர் மேல் உள்ள வண்ணப் பட்டைகள் பழுப்பு, கறுப்பு, ஆரஞ்சு என்றால் 10 கிலோ ஓம் என்பது அங்கே நின்று நின்றே மனப்பாடம் ஆனது.

சிக்கல் டிரான்சிஸ்டரில்தான், பழைய எண்கள் இப்போது எளிதில் கிடைப்பதில்லை. சர்க்யூட்டில் பிசி148 (BC148) கேட்டிருந்தால் பிசி548 (BC548) வாங்குங்கள். குணம் ஏறக்குறைய ஒன்றுதான், ஆனால் கால்களின் வரிசை வேறு. பிசி548-ஐத் தட்டைப் பக்கம் உங்களைப் பார்த்தபடி, கால்கள் கீழே இருக்கப் பிடித்தால் இடமிருந்து கலெக்டர், பேஸ், எமிட்டர். எஸ்எல்100 (SL100) என்றால் 2என்2219 (2N2219) பெரும்பாலும் போதும். உலோகத் தொப்பியில் சின்னதாக நீட்டிக்கொண்டிருக்கும் இடத்துக்குப் பக்கத்துக் கால்தான் எமிட்டர்.

சால்டர் செய்யும் முன் மல்டிமீட்டரை டயோடு நிலையில் வையுங்கள். சிவப்பு முனை பேஸில் இருக்கட்டும், கறுப்பு முனையை மற்ற இரு கால்களிலும் மாறி மாறித் தொடுங்கள். இரண்டிலும் 0.6 முதல் 0.7 வோல்ட் வந்தால் நல்லது. நான் ஒருமுறை இதை விட்டுவிட்டு, ஒரு ஞாயிறு முழுவதும் ஊமை ஆம்பிளிஃபயரோடு உட்கார்ந்திருந்தேன்.

சரி, அப்புறம் சால்டர் இல்லாமல் பாகங்களைச் செருகிப் பார்க்கும் துளைப் பலகையான பிரெட்போர்டில் மாட்டுங்கள். எலெக்ட்ரோலிடிக் கெபாசிட்டரில் பட்டை போட்ட பக்கம் மைனஸ்.