பள்ளிப் பிள்ளைகளின் எடையையும் இரத்த அழுத்தத்தையும் சரியாக அளந்து பார்ப்பது எப்படி?

பெரியவர்களுக்கான 120/80 என்னும் இரத்த அழுத்த அளவை 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளுக்கு அப்படியே பொருத்திப் பார்க்கக் கூடாது. அவர்களின் இரத்த அழுத்தத்தை வயது, பாலினம், உயரம் மூன்றையும் கணக்கில் கொண்ட அட்டவணையோடு ஒப்பிட்டே மதிப்பிடுகிறார்கள். அமெரிக்கக் குழந்தை மருத்துவக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு வழிகாட்டுதலின்படி, 10 வயதுச் சிறுவனுக்கு மேல் அளவு 108 அல்லது கீழ் அளவு 72 என வந்தாலே மேற்கொண்டு ஆராய வேண்டும்.

முதலில் எடை. கிலோகிராமில் உள்ள எடையை, மீட்டரில் உள்ள உயரத்தின் வர்க்கத்தால் வகுத்தால், உயரத்துக்கு ஏற்ற எடையா என்று காட்டும் பி.எம்.ஐ. (உடல் நிறை குறியெண்) கிடைக்கும். 1.40 மீட்டர் உயரமும் 45 கிலோ எடையும் உள்ள 10 வயதுச் சிறுவனுக்கு அது ஏறக்குறைய 23. உலகச் சுகாதார நிறுவனத்தின் வளர்ச்சி வரைபடப்படி இது உடற்பருமன். உறவினர்கள் “நல்ல புஷ்டியான பிள்ளை” என்று மெச்சினாலும், இத்தகைய பிள்ளைக்கு மருத்துவரிடம் செல்லும் ஒவ்வொரு முறையும் இரத்த அழுத்தம் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். சிறுநீரக நோய், நீரிழிவு போன்றவை இல்லாத மற்றப் பிள்ளைகளுக்கு 3 வயது முதல் ஆண்டுக்கு ஒருமுறை போதும்.

பெரும்பாலான பிழைகள் கையில் சுற்றும் பட்டையால்தான் நேர்கின்றன. அதனுள்ளே காற்று நிரம்பும் பை, மேற்கையின் சுற்றளவில் 80 முதல் 100 விழுக்காடு வரை சூழ வேண்டும். பருத்த கையில் சிறிய பட்டையைச் சுற்றினால் அழுத்தம் உண்மையைவிடக் கூடுதலாகக் காட்டும். பிள்ளையை முதுகு சாய்த்து, பாதங்கள் தரையில் படும்படி, கால்மேல் கால் போடாமல் 3 முதல் 5 நிமிடம் பேசாமல் அமரவைத்து, வலக்கையை இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைத்து அளக்க வேண்டும். ஊசி போடுவார்களோ என்று அஞ்சி அழுதுகொண்டிருக்கும் பிள்ளையிடம் எடுத்த அளவை நம்ப வேண்டாம்.

ஒருநாள் கூடுதலாகக் காட்டியதும் கலங்க வேண்டியதில்லை. வெவ்வேறு நாட்களில் மூன்று முறை பார்த்த பின்னரே உயர் இரத்த அழுத்தம் என்று உறுதிசெய்வார்கள். அதுவரை ஊறுகாய், அப்பளம், சிப்ஸ், உடனடி நூடுல்ஸ், இனிப்புப் பானங்கள் ஆகியவற்றைப் பிள்ளைக்கு மட்டுமன்றி வீட்டிலுள்ள அனைவருக்குமே குறையுங்கள். ஒருவரை மட்டும் விலக்கி வைத்தால் பிள்ளை மனம் நொந்துபோகும். நாளுக்கு ஒரு மணி நேரமாவது வியர்க்க விளையாடட்டும்.

ஒல்லியான பிள்ளைக்கோ 6 வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கோ அழுத்தம் உயர்ந்திருந்தால், சிறுநீரகக் கோளாறு காரணமாக இருக்கக்கூடும் என்பதால், சிறுநீர், இரத்தப் பரிசோதனைகளைத் தள்ளிப்போட வேண்டாம். உயர்ந்த அழுத்தத்தோடு கடுமையான தலைவலி, வாந்தி, பார்வை மங்கல், வலிப்பு ஆகியவற்றில் ஏதேனும் சேர்ந்தால் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்கு அழைத்துச் செல்லுங்கள்.